கொம்பு எந்தப் பக்கம்?

(பாளையங்கோட்டையில், அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பின்வரிசையில் கேட்கிறதா? கேட்காவிட்டால் கையை ஆட்டுங்கள். கையைப் பார்த்துப் பேசிப் பழகியவன்தான் நான்.

இருபது வருடத்துக்கு மேல் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநராக வேலை பார்த்திருக்கிறேன். வட்டார வள மையத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பைக்கில் ஒவ்வொரு பள்ளியாகப் போகிற வேலை. நான் உள்ளே நுழைந்ததும், "சார் வந்துட்டாங்க, அந்தப் பிள்ளைகளைக் கூப்பிடு" என்று குரல் கேட்கும். பேர் சொல்லிக் கூப்பிட்ட பள்ளிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்த ஊரில் நின்று இதைப் பேசக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே இங்கே ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்கும், புளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கிவிட்டார்கள். உங்களில் பலர் தினமும் அந்தப் பள்ளிகளைத் தாண்டித்தான் போவீர்கள். அங்கே ஆசிரியரும் கருவியும் அந்தப் பிள்ளைகளுக்காகவே இருக்கின்றன. நான் சொல்ல வந்தது உங்கள் தெருமுனையில் இருக்கிற ஊராட்சி ஒன்றியப் பள்ளியில், நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பற்றி. சக்கர நாற்காலியோ காதுக் கருவியோ இருந்தால் பார்த்ததும் தெரிந்துவிடும். இவனிடம் அப்படி எதுவும் இருக்காது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பேர் வேண்டாம். மூன்றாம் வகுப்பு. அவன் அம்மா பெட்டிக்கடை வைத்திருந்தார். சாயங்காலமானால் கடையில் அவன்தான். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குச் சாமான் எடுத்துக் கொடுத்து, மீதிச் சில்லறையை மனக்கணக்காகவே போட்டுத் தருவான். அதே பையனைப் பள்ளியில் எழுப்பி வாசிக்கச் சொன்னால் வாயே திறக்கமாட்டான். "அழுத்தக்காரன் சார், வேணும்னே செய்யுதான்" என்றார் வகுப்பாசிரியர்.

பக்கத்தில் உட்காரவைத்துப் புத்தகத்தைத் திறந்தேன். 'கொடி' என்று ஒரு சொல். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு "கெரடி" என்றான். பின்னால் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். அன்றைக்கு என்னவோ அந்தச் சொல்லை இன்னொரு தடவை பார்த்தேன். முதலில் ஒரு கொம்பு, அப்புறம் க, அப்புறம் துணைக்கால். துணைக்காலுக்கும் 'ர'வுக்கும் அச்சில் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது சொல்லுங்கள்? கெ, ர, டி. கண்ணில் பட்டதை ஒன்று விடாமல் படித்திருக்கிறான்!

நமக்குப் பழகிப்போனதால் இது எவ்வளவு சிக்கல் என்று தெரிவதில்லை. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது. வாயில் சொல்லும்போது க் முதலில் வந்து எ பின்னால் வருகிறது. 'கொ'வில் ஒரே உயிரொலி இரண்டாகப் பிரிந்து எழுத்துக்கு இரண்டு பக்கமும் நிற்கிறது. 'கௌ'வின் வால் 'ள' மாதிரியே இருக்கும், ஆனால் ள இல்லை. 'க' ஒரே எழுத்துதான். கடல், பகல், சங்கு என்று சொல்லிப் பாருங்கள், மூன்று விதமாக ஒலிக்கும். பெரும்பாலான பிள்ளைகள் இதை எப்படியோ தாண்டிப் போய்விடுகிறார்கள். சிலருக்கு எழுத்தையும் ஒலியையும் பொருத்துகிற வேலை அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை. புத்திக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. இந்த வாசிப்புச் சிக்கலைத்தான் டிஸ்லெக்ஸியா என்கிறார்கள். அது ஏதோ இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு வருவது என்று ஒரு நினைப்பு நம்மிடம் உண்டு. தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைக்கும் வரும். குடும்பத்திலும் தொடர்ந்து வரலாம். 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து, பழைய லை, ணை, னை எல்லாவற்றுக்கும் இருந்த தனி வடிவங்கள் போயின. அவையும் இருந்திருந்தால் இவன் பாடு என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

அட்டையில் எழுத்துகளை வெட்டினேன். க கறுப்பு, கொம்பும் துணைக்காலும் சிவப்பு. "சிவப்பு ரெண்டும் சேர்ந்துதான்டா ஒரு சத்தம்" என்றேன். மணலைப் பரப்பி விரலால் எழுதவைத்தேன். நாலு வாரத்தில் 'கொடி' வந்தது. 'கொசு' வந்தது. அன்றைக்குக் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு கடலைமிட்டாய் கொடுத்தான், காசு வாங்கவில்லை.

ஆனால் நான் போவது செவ்வாய்க்கிழமை மட்டும். அரை மணி நேரம், அதில் மூன்று பிள்ளைகள். மிச்ச நாலு நாளும் அவனோடு உட்கார ஆள் இல்லை. வகுப்பாசிரியரைக் குறை சொல்ல மனம் வரவில்லை; இரண்டு வகுப்பை ஒன்றாக வைத்துக்கொண்டு அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். அடுத்த செவ்வாய் போனால் பாதி மறந்திருக்கும். ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போனான். மாற்றுச் சான்றிதழ் போனது. அவனைப் பற்றி நான் எழுதிவைத்த நோட்டு போகவில்லை. அங்கே இருந்தவர்கள் மறுபடி "அழுத்தக்காரன்" என்ற இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள்.

திரும்ப அவனைப் பார்த்தது பத்தாம் வகுப்பில், சான்றிதழுக்காக மருத்துவ முகாம் வரிசையில். உங்களுக்குத் தெரிந்திருக்கும், நம் மாநிலத்தில் பொதுத்தேர்வு எழுதும் இந்தப் பிள்ளைகளுக்குச் சலுகைகள் உண்டு: கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு. நல்ல ஏற்பாடு, வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கேள்வித்தாளைப் படிக்க வராத பையன் அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்தை வைத்து என்ன செய்வான்? சொல்வதை எழுத ஆள் இருக்கிறார், சரி. சொல்வதற்குப் பாடம் அவனுக்குள் போயிருக்க வேண்டுமே. 35 வாங்கித் தேறினான். வீட்டில் மிட்டாய் கொடுத்தார்கள். நானும் வாங்கிச் சாப்பிட்டேன். மூன்றாம் வகுப்பில் வாரத்துக்கு ஐந்து நாள் கிடைத்திருக்க வேண்டியதை, பத்தாம் வகுப்பில் ஒரு மணி நேரமாகக் கொடுத்திருக்கிறோம் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

சட்டம் இன்று அவன் காலத்தைவிட எவ்வளவோ மேல். 1995இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைத்தான் சொன்னது. 2016 சட்டம் 21 வகை சொல்கிறது, கற்றல் குறைபாடும் அதில் வந்துவிட்டது. அதைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது கல்வி நிறுவனத்தின் கடமை என்று 16ஆவது பிரிவு சொல்கிறது. இங்கே ஒரு விஷயத்தைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். குறைபாடு 40 சதவீதம் இருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கணக்கு உதவித்தொகை, இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு. பிள்ளைக்கு வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்ற எந்தச் சான்றிதழும் தேவையில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், பேரை மட்டும் எழுதிராதிய, மூத்தவளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றார். அந்தப் பயத்தை என்னால் வாதாடித் தீர்க்க முடியவில்லை. சரி, பேரை எழுதவில்லை, நாளையிலிருந்து பிள்ளையை என் பக்கத்தில் உட்காரவையுங்கள் என்றேன். உட்காரவைத்தார்.

எத்தனை பிள்ளைக்கு ஒரு பயிற்றுநர் என்ற கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பிள்ளைக்கு ஒருவர். பணியிடங்களை உருவாக்கி அறிவிக்கச் சொல்லி 2025 மார்ச்சில் மறுபடியும் மாநிலங்களுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது. இதற்கிடையில் இந்த வேலையில் இருப்பவர்கள் தொகுப்பூதியத்தில் பைக்கை உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். என் சொந்தப் புலம்பல் இது, விட்டுவிடுகிறேன்.

சாய்தளம் பற்றியும் ஒரு வார்த்தை. கணக்கு 12க்கு 1. அதாவது ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அரையடிப் படி மூன்று இருந்தால் பதினெட்டு அடி வேண்டும். நான் பார்த்த சில பள்ளிகளில் ஆறடியில் முடித்திருந்தார்கள். சக்கர நாற்காலி ஏறாது; ஸ்கூட்டர் நன்றாக ஏறும்.

இப்போது உங்களிடம் வருகிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அதில் உரிய இடம் உண்டு. 2012 திருத்தம் மாற்றுத்திறன் பிள்ளைகளையும் அந்தப் பிரிவுக்குள் கொண்டுவந்துவிட்டது. பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதுவது நீங்கள்தான். கழிப்பறை, சுற்றுச்சுவர் எல்லாம் எழுதுகிறோம். அதே தாளில் இதையும் எழுதுங்கள்: சிறப்புப் பயிற்றுநர் எந்த நாள் வருகிறார், அவர் வராத நாளில் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து வாசிக்கப்போவது யார், ஐந்தாம் வகுப்பு முடியும்போது அவன் நோட்டு அடுத்த பள்ளிக்குப் போகிறதா.

கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்பீர்கள். தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு அது கொஞ்சம் சுலபம். கற்றல் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள் அல்லவா? மூன்று பருவமும் அரும்பிலேயே நிற்கிற பிள்ளை யார் என்று கேளுங்கள். அடிக்கடி லீவு போட்டவனாக இருக்கலாம், கண்ணாடி தேவைப்படுகிறவனாக இருக்கலாம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். இரண்டும் சரியாக இருந்து, தினமும் பள்ளிக்கும் வந்து, வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான் என்றால், அவனை வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். திருத்த வேண்டாம். என்ன தப்பு செய்கிறான் என்று எழுதி மட்டும் வையுங்கள்.

அந்தப் பையன் இப்போது செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். நல்ல கைராசிக்காரன். வாட்ஸ்அப்பில் எனக்கு எழுதமாட்டான், குரல் பதிவுதான். போன வாரம் ஒன்று வந்தது. மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாளாம். கொம்பை எந்தப் பக்கம் போடுவது என்று கேட்கிறாளாம். "அந்தச் சிவப்பு அட்டை இன்னும் இருக்கா சார்?" என்று கேட்டிருந்தான்.