நாளைய இழப்புக்கு இன்றே விலை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

எந்தப் பொருளை விற்பவருக்கும் அடக்கவிலை முதலில் தெரியும். அதன்மேல் லாபத்தை வைத்து விலையைச் சொல்வார். காப்பீட்டுத் தொழிலில் இந்த வரிசை தலைகீழ். பிரீமியத்தை முதலில் வாங்கிவிடுகிறோம். அடக்கவிலை எவ்வளவு என்பது ஓராண்டு கழித்துத் தெரியலாம், பத்தாண்டு கழித்தும் தெரியலாம். நாற்பது ஆண்டு கழித்துத் தெரிந்த பாலிசிகளும் உண்டு. தெரியாத அடக்கவிலையை முன்கூட்டியே கணித்துச் சொல்வதுதான் ஆக்சுவரியின் வேலை. அந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில், ஆபத்தே மாறிக்கொண்டிருக்கும்போது இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறோம் என்பதை உங்களிடம் விளக்க வந்திருக்கிறேன்.

ஆயுள் காப்பீட்டை இன்று தொடப்போவதில்லை. வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1693-இல் ப்ரெஸ்லாவ் நகரின் பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்து ஆயுள் அட்டவணை போட்டதிலிருந்து அந்தப் பாதை ஓரளவு சீரானது. மனித ஆயுள் பெரும்பாலும் மெல்லத்தான் மாறும். வீடு, வாகனம், தொழிற்சாலை, அடுத்தவருக்கு நேரும் தீங்குக்கான பொறுப்பு ஆகியவை அப்படியல்ல. நாம் அளந்துகொண்டிருக்கும்போதே இவற்றின் ஆபத்து நகர்ந்துவிடுகிறது.

அடிப்படைக் கணக்கு எளிமையானது. எத்தனை முறை இழப்பு நேர்கிறது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஆகிறது என்ற இரண்டையும் பெருக்க வேண்டும். 10,000 வீடுகளுக்கு ஓர் ஆண்டில் 200 க்ளெய்ம் வந்தன, ஒவ்வொன்றும் சராசரியாக 1,50,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும். வீட்டுக்கு 3,000 ஆகிறது. நிர்வாகச் செலவு, முகவர் கமிஷன், லாபம் எல்லாம் சேர்ந்து பிரீமியத்தில் 30 சதவீதம் என்றால், 3,000-ஐ 0.70-ஆல் வகுத்து ஏறத்தாழ 4,286 என்று விலை வைப்போம். இதுவரை பள்ளிக்கூடக் கணக்கு.

இனிமேல்தான் சிக்கல். அந்த 200 க்ளெய்மும் 2022-இல் நடந்தவை. சராசரியாகப் பார்த்தால் அந்த ஆண்டின் நடுப்பகுதி. நான் விலை வைப்பதோ 2025-இல் விற்கும் பாலிசிகளுக்கு. ஜனவரியில் விற்றது டிசம்பர் வரையிலும், டிசம்பரில் விற்றது 2026 இறுதி வரையிலும் ஓடும். ஆக, அவற்றின் இழப்புகள் சராசரியாக 2026 ஜனவரி 1-ஐ ஒட்டி நடக்கும். கையில் இருக்கும் தரவுக்கும் விலை வைக்கும் காலத்துக்கும் இடையே மூன்றரை ஆண்டுகள். சிமெண்ட், கூலி, உதிரிபாகம் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால், மூன்றரை ஆண்டில் அது 31 சதவீதம். 3,000 என்பது 3,930-ஐ நெருங்குகிறது. பிரீமியம் 5,600-ஐத் தாண்டுகிறது. மழையும் கூடவில்லை, நெருப்பும் கூடவில்லை. அதே 200 இழப்புகள்தான். காலம் நகர்ந்ததற்கு மட்டுமே இந்த ஏற்றம்.

இதில் பலர் கவனிக்கத் தவறும் ஒன்றைச் சொல்கிறேன். பாலிசிதாரர் முதல் 1,00,000-ஐத் தானே ஏற்றுக்கொள்கிறார், அதற்கு மேல் வருவதைத்தான் நிறுவனம் தரும் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. 1,20,000 இழப்பில் நிறுவனத்தின் பங்கு 20,000. விலைவாசி 10 சதவீதம் ஏறினால் அதே இழப்பு 1,32,000 ஆகும். நிறுவனத்தின் பங்கு 32,000. உலகத்துக்கு ஏறியது 10 சதவீதம், நிறுவனத்துக்கு ஏறியது 60. போதாததற்கு, முன்பு 95,000-இல் நின்று நம் வாசலுக்கே வராத இழப்பு இப்போது 1,04,500 ஆகி க்ளெய்மாக வந்து நிற்கும். நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் மறுகாப்பீட்டாளர்கள் எப்போதும் இந்த மேல்தட்டில் இருப்பவர்கள். பொது விலைவாசி சற்று அசைந்தாலும் அவர்களுடைய விலை துள்ளுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்தத் துள்ளல் கடைசியில் வீட்டுக்காரரின் பிரீமியத்தில் வந்து சேர்கிறது.

“பத்து, இருபது ஆண்டுத் தரவைச் சேர்த்துப் பார்த்தால் சரியாகிவிடாதா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். க்ளெய்ம் எண்ணிக்கையில் எவ்வளவு தரவு இருந்தால் அதை முழுமையாக நம்பலாம் என்பதற்கு எங்களிடம் பழைய அளவுகோல் ஒன்று உண்டு: 1,082 க்ளெய்ம். அவ்வளவு இருந்தால், நாம் காணும் எண்ணிக்கை உண்மையான சராசரியிலிருந்து 5 சதவீதத்துக்குள் இருக்க 90 சதவீத வாய்ப்பு உண்டு. அதற்குக் குறைவாக இருந்தால், சொந்த அனுபவத்துக்குக் கொஞ்சம் எடை, பொதுச் சராசரிக்கு மீதி எடை என்று கலப்போம். இந்தக் கலவைக்கு ஹான்ஸ் பூல்மன் என்ற சுவிஸ் கணிதவியலாளர் 1967-இல் உறுதியான கணித அடித்தளம் கொடுத்தார். இன்றும் அதன்மேல்தான் நிற்கிறோம்.

ஆனால் மாறும் ஆபத்தில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. எண்ணிக்கை வேண்டுமென்று பின்னோக்கிப் போகப் போக, தரவு வேறொரு உலகத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. பம்பருக்குள் சென்சாரும் கண்ணாடிக்குப் பின்னால் கேமராவும் இல்லாத காலத்துக் கார் க்ளெய்ம், இன்றைய காரைப் பற்றி என்ன சொல்லும்? 2020-இல் ஊரடங்கால் சாலைகள் வெறிச்சோடின, விபத்துகள் குறைந்தன. அந்த ஆண்டை அப்படியே சராசரியில் சேர்த்தவர்களுக்கு விலை தவறாக இறங்கியிருக்கும். உடனே அடுத்த இரண்டு ஆண்டுகளில் உதிரிபாகமும் பழைய கார் விலையும் ஏறின. எந்த ஆண்டுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதைச் சூத்திரம் மட்டும் சொல்லாது. அங்கே ஆக்சுவரி ஒரு முடிவெடுக்கிறார், அதற்கான காரணத்தை எழுதி வைக்கிறார், அடுத்தவர் கேள்வி கேட்க இடம் விடுகிறார். எந்தச் சூத்திரத்தையும்விட இந்த ஒழுக்கத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

பொறுப்புக் காப்பீட்டில் நிலைமை இன்னும் கடினம். அங்கே இழப்பு நடந்ததே தெரியாமல் இருக்கும். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியைச் சுவாசித்த தொழிலாளிக்கு நுரையீரல் உறையில் புற்றுநோய் வர இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் வரை ஆகலாம். அன்று விற்ற பாலிசியோ, தீங்கு அந்தக் காலத்தில் நேர்ந்திருந்தால் எப்போது கேட்டாலும் தருவோம் என்று வாக்களித்தது. விலை வைத்தவர்களின் கணக்கில் கல்நாருக்கென்று இடமே இல்லை. 1980-களின் இறுதியில் அந்த வழக்குகள் குவிந்தபோது லண்டனின் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையே ஆட்டம் கண்டது. தங்கள் சொத்து முழுவதையும் ஈடாக வைத்து அங்கே முதலீடு செய்திருந்த தனிநபர்களில் பலர் ஓட்டாண்டி ஆனார்கள். பழைய சுமைகளைத் தனியே பிரித்து ஏற்க 1996-இல் எக்விடாஸ் என்ற நிறுவனத்தை உருவாக்க வேண்டியதாயிற்று. இன்னும் வராத க்ளெய்முக்கு ஒதுக்கீடு செய்ய 1972-இல் போர்ன்ஹூட்டர், ஃபெர்குசன் என்ற இரு ஆக்சுவரிகள் தந்த வழிமுறை இன்றும் பயன்படுகிறது. எந்த வழிமுறையும், யாரும் பெயர் வைக்காத ஆபத்தை முன்கூட்டிக் காட்டாது.

இயற்கைச் சீற்றத்துக்கு வருவோம். இதைப் பற்றிப் பேசத்தான் எனக்கு அதிக ஆசை.

1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ புயல் தென் ஃப்ளோரிடாவைத் தாக்கியது. அதுவரை புயலுக்கான விலை, கடந்த சில பத்தாண்டுகளில் கொடுத்த இழப்பீட்டின் சராசரியிலிருந்து வந்தது. அந்தப் பத்தாண்டுகளில் அங்கே பெரும்புயல்கள் குறைவு. கடற்கரையில் வீடுகளோ பெருகிக்கொண்டே இருந்தன. சராசரி சொன்னது காலியான கரையின் கதை; புயல் வந்ததோ நிரம்பிய கரைக்கு. காப்பீட்டு இழப்பு சுமார் 1,550 கோடி டாலர். பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் திவாலாயின. புயல் கரையேறிய சில மணி நேரத்தில், இழப்பு 1,300 கோடி டாலரைத் தாண்டக்கூடும் என்று பேரிடர் மாதிரி நிபுணர் காரன் கிளார்க் தன் கணினி மாதிரியை வைத்து நிறுவனங்களுக்கு ஃபேக்ஸ் அனுப்பினார். பலர் நம்பவில்லை. பிறகு நம்ப வேண்டியதாயிற்று.

அந்த மாதிரிகள் செய்வது இதுதான்: நடந்த சில பத்து புயல்களோடு நிற்காமல், நடக்கக்கூடிய பல்லாயிரம் ஆண்டுகளைக் கணினியில் ஓட்டுவது. ஒவ்வொரு புயலின் காற்று வேகத்தையும் இன்று அங்கே நிற்கும் ஒவ்வொரு கட்டடத்தின் மீதும் செலுத்திப் பார்ப்பது. கூரை எப்படி, ஜன்னலுக்கு மறைப்பு உண்டா, எந்த ஆண்டு கட்டியது என்றெல்லாம் பார்த்துச் சேதத்தைக் கணக்கிடுவது. அதில் கிடைக்கும் ஆண்டுச் சராசரி இழப்பு பிரீமியத்தில் சேர்கிறது. மிக மோசமான ஆண்டுகளில் கொடுக்கப் பணம் இருக்க வேண்டும் என்பதற்கான மூலதனச் செலவும் அதன்மேல் சேர்கிறது. மாதிரிக்கு மாதிரி விடை வேறுபடும். அதனால்தான் ஒரே மாதிரியை மட்டும் நம்பி விலை வைப்பதை நான் ஏற்பதில்லை.

‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல் மக்களை நிறையவே ஏமாற்றிவிட்டது. நூறாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு என்பதே அதன் பொருள். 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் குறைந்தது ஒருமுறை வர 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நான்கில் ஒன்றுக்கும் சற்று மேல். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் மழை வலுக்கும்போது, அந்த 1 சதவீதமே நின்ற இடத்தில் நிற்காது.

சொத்து பாலிசி பெரும்பாலும் ஓராண்டுக்குத்தானே, 2050-இன் பருவநிலை ஆக்சுவரிக்கு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். விலைக்காக 2050-ஐக் கணிக்க வேண்டியதில்லை, உண்மை. கணிக்க வேண்டியது வரப்போகும் ஆண்டை. கடந்த முப்பது ஆண்டுகளின் சராசரி அந்த ஆண்டைக் காட்டாது. பதினைந்து ஆண்டுக்கு முந்தைய பருவநிலையைத்தான் காட்டும். வீட்டுக்காரரின் நிலை வேறு. அவர் கையில் ஓராண்டு பாலிசியும் முப்பது ஆண்டுக் கடனும் இருக்கின்றன. விலை ஆண்டுதோறும் மாறலாம், நிறுவனம் விலகியும் போகலாம், அவரால் நகர முடியாது. இந்த இடைவெளியை எங்கள் தொழில் இன்னும் நேர்மையாகப் பேசவில்லை என்பது என் வருத்தம்.

கலிஃபோர்னியாவில் நடந்ததைப் பாருங்கள். 1988-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 103-ஆம் முன்மொழிவின்படி விலையேற்றத்துக்கு அரசின் முன் அனுமதி வேண்டும். மக்களுக்குப் பாதுகாப்பாக வந்த சட்டம் அது. அதன்கீழ் வந்த விதிகளோ, காட்டுத்தீச் செலவைக் கடந்த குறைந்தது இருபது ஆண்டு அனுபவத்திலிருந்து மட்டுமே கணக்கிடச் சொல்லின. 2018 நவம்பரில் பாரடைஸ் நகரம் எரிந்தது. 85 பேர் இறந்தார்கள், 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. ஒரு சிறு காப்பீட்டு நிறுவனமும் அதோடு மூழ்கியது. விலை பின்னோக்கியே பார்த்தது, ஆபத்து முன்னே ஓடியது. நிறுவனங்கள் புதுப்பிக்க மறுத்தன. வேறு வழியில்லாதவர்கள் கடைசிப் புகலிடமான ஃபேர் பிளான் திட்டத்தில் குவிந்தார்கள். 2024 டிசம்பரில்தான் மாதிரிகளைப் பயன்படுத்த மாநிலம் அனுமதித்தது. பதிலுக்கு, தீ அபாயப் பகுதிகளில் கூடுதலாக பாலிசி தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. அடுத்த மாதமே லாஸ் ஏஞ்சலஸின் ஓரப்பகுதிகள் எரிந்தன.

இங்கே என் நிலைப்பாட்டை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். விலை ஒரு செய்தி. அதை அமுக்கி வைத்தால் ஆபத்து குறையாது, செய்திதான் குறையும். கட்டக்கூடாத இடத்தில் மேலும் வீடுகள் எழும்பும். அதே நேரம், உண்மை விலையைச் சொல்லிவிட்டு, “பிரீமியம் கட்ட முடிந்தவர் கட்டட்டும்” என்று கைகழுவுவதும் கொடுமை. ஆபத்தான இடத்தில் இருப்பவர்களில் பலர் விரும்பி அங்கே போனவர்கள் அல்லர். உதவி வேண்டும் என்றால் விலைக்குள் ஒளித்து வைக்காமல் தனியாக, எல்லோரும் பார்க்கும்படி தர வேண்டும்.

பிரிட்டனில் 2016-இல் தொடங்கிய ஃப்ளட் ரீ அப்படிப்பட்ட முயற்சி. காப்பீட்டு நிறுவனங்களிடம் வசூலிக்கும் தீர்வையைக் கொண்டு, வெள்ள அபாய வீடுகளின் சுமையைக் குறைக்கிறது. 2009 ஜனவரி 1-க்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கு இடமில்லை. வெள்ளப் படுகையில் புதிதாகக் கட்டுவோருக்கு அதனால் சலுகை கிடைக்காது. 2039-இல் திட்டம் முடிய வேண்டும் என்று தேதியும் குறித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தேசிய வெள்ளக் காப்பீடு 1968-இல் தொடங்கியது. பல பத்தாண்டுகள் பல வீடுகளுக்கு உண்மை ஆபத்தைவிடக் குறைவாக விலை வைத்தது. 2017-இல் 1,600 கோடி டாலர் கடனை நாடாளுமன்றம் தள்ளுபடி செய்ய வேண்டிய நிலைக்கு வந்தது. 2021 அக்டோபர் முதல் வீடுவாரியாக ஆபத்தை அளந்து விலையைத் திருத்தத் தொடங்கியிருக்கிறார்கள்.

அவையிலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது: “நான் ஒருமுறைகூட க்ளெய்ம் கேட்கவில்லை. என் பிரீமியம் ஏன் ஏறுகிறது?” எழுதியவருக்கு நன்றி. உங்கள் ஒரு வீட்டின் பத்து ஆண்டு அமைதி, நான் சொன்ன 1,082-க்குப் பக்கத்தில் மிகச் சிறிய சான்று. அதற்குக் கிடைக்கும் எடையும் சிறிதுதான். ஆனால் நீங்கள் மாற்றிய கூரை, புகைபோக்கியிலும் காற்றுத் துளைகளிலும் அடித்த வலை, சுவரை ஒட்டிய புதரை வெட்டியது, தரைமட்டத்தை உயர்த்தியது ஆகியவை வேறு வகைச் சான்று. அவை இழப்பையே குறைக்கின்றன, மாதிரியில் அவற்றுக்கு இடம் உண்டு. இவற்றில் காட்டுத்தீயைத் தடுக்கும் பலவற்றுக்குப் பிரீமியத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்று 2022-இல் கலிஃபோர்னியா விதியே போட்டது. அடுத்த முறை புதுப்பிக்கும்போது நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: இந்த ஏற்றத்தில் கட்டுமானச் செலவு எவ்வளவு, பேரிடருக்கான பங்கு எவ்வளவு, மறுகாப்பீடு எவ்வளவு, என் வீட்டில் நான் செய்த மாற்றங்களைக் கணக்கில் எடுத்தீர்களா? விலை வைத்தவரிடம் இந்த நான்குக்கும் விடை இருக்கும். இல்லாமல் அந்த எண்ணை அவர் எழுதியிருக்க முடியாது.