கடுகு போன இடமும் பூசணிக்காய் போன இடமும்

தலைமை ஏற்றிருக்கும் படிப்பகத் தலைவர் அய்யா அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, பந்தல் போடத் தம் கடை வாசலையே விட்டுக்கொடுத்த மளிகைக்கடை அண்ணாச்சி அவர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, தண்டையார்பேட்டைப் பெரியோர்களே, வணக்கம்.

காலாண்டு விடுமுறை. பிள்ளைகள் ஒரு வாரம் வீட்டில் இருப்பார்கள். அந்த ஒரு வாரத்தில் வீட்டுக்குள்ளேயே கற்றுக்கொள்ள மூன்று உண்டு: குழாய், அடுப்பு, மின்சாரப் பெட்டி. முதலில் குழாய்.

'கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது' என்பார்கள். காய்கறிக்காரரிடம் ஒரு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம்; குழாய் சொட்டினால் கண்டுகொள்வதில்லை. சொட்டுகிற குழாய்க்கு அடியில் டம்ளர் வையுங்கள். 10 நிமிடத்தில் 100 மில்லி சேர்ந்தால் நாளுக்கு 14 லிட்டருக்கு மேல். கிட்டத்தட்ட ஒரு குடம். வாரத்துக்கு 100 லிட்டர்.

இதற்குப் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்தான் காரணம். கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். துணி சுற்றி, ஸ்பேனரால் தலைப்பகுதியைக் கழற்றினால் அடியில் ரப்பர் இருக்கும். அதே அளவில் மாற்றுங்கள். மாற்றியும் சொட்டினால், வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பு அரித்திருக்கும். சொட்டுகிறதே என்று முறுக்கி முறுக்கி மூடாதீர்கள். ரப்பர் இன்னும் சீக்கிரம் வெட்டுப்படும்.

சத்தமே இல்லாமல் போவது ஒன்று உண்டு. லைன் வீடுகளில் வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். ஆறு குடித்தனம், ஒரு மோட்டார், மாடியில் ஒரு 1,000 லிட்டர் டேங்க். ராத்திரி நிரம்பும், விடிந்தால் பாதிதான். "மேல்வீட்டு மெஷின்தான் குடிக்குது" என்பார் கீழ்வீட்டு அக்கா. "நீங்க வாசல் கழுவுறதை நிறுத்துங்க" என்பார் மேல்வீட்டு அண்ணி. ஒரு ராத்திரி மொட்டைமாடியில் பாய் போட்டுக் காவலே இருப்பார்கள்! மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டக் கொடுப்பார்கள். காசு போகும், பேச்சுவார்த்தை நிற்கும், தண்ணீர் மட்டும் நிற்காது. கடைசியில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சொட்டு நீலத்தை எடுத்து வீட்டுக்கு வீடு ஃபிளஷ் டேங்கில் பத்துச் சொட்டு விடும். அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் பண்ணக் கூடாது. மூன்றாம் வீட்டுக் கோப்பையில் மட்டும் நீலம் இறங்கும். கடுகு தேடி ஆறு வீடும் சண்டை போட்டது; பூசணிக்காய் அந்த வெள்ளைக் கோப்பை வழியாகப் போயிருக்கிறது!

அந்த ஃபிளஷ் டேங்கின் அடியில் இருக்கும் வாஷரை எடுத்துப் பாருங்கள், விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தேய்த்தால் போகும். ஆனால் அந்த உப்பு எங்கிருந்து வந்தது? நிலத்தடியிலிருந்து. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மேல் இறைத்ததால் கடல்நீரே நிலத்துக்குள் ஏறியது. அந்தக் கடல்நீரைத் தள்ளி நிறுத்துவது மழை தரும் நல்ல தண்ணீர்.

ஆகவே, பெரியோர்களே, குழாயை விட்டு மாடிக்கு வாருங்கள். மழைநீர்ச் சேகரிப்பு 2003-லேயே நம் மாநிலத்தில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமானது. மழைநீர் இறங்கும் குழி இருக்கிறது, தூர்ந்து கிடக்கிறது. 1,000 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல், ஒரு லாரித் தண்ணீர். இதைவிடப் பெரிய பூசணிக்காய் ஏது? பல வீடுகளில் மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயைச் சாக்கடையில் இணைத்துவிட்டார்கள். மழை நாளில் மேன்ஹோல் பொங்குவதற்கு அதுவும் காரணம். அம்மா அவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் மாடியைப் பெருக்கி, குழாய் வாயில் வலை கட்டுங்கள். வடிகட்டிக் குழியின் மேல்மணல் அரை அடியை எடுத்து அலசிப் போடுங்கள். களி ஏறிய மணலில் தண்ணீர் இறங்காது. அடியில் பெரிய ஜல்லி, நடுவில் கூழாங்கல், மேலே மணல். முதல் மழையை வெளியே விடுங்கள். சோப்பும் ஆசிட்டும் ஊற்றி மாடி கழுவினால் அத்தனையும் நிலத்துக்குள் போகும். ஆள் இறங்கும் ஆழமுள்ள கிணறு என்றால் யாரும் இறங்க வேண்டாம். உள்ளே விஷவாயு இருக்கலாம்.

அடுப்பும் மின்சாரப் பெட்டியும் அடுத்த கூட்டத்தில். தலைவர் அய்யா மணி பார்க்கிறார். ஞாயிறு காலை 7 மணிக்குப் படிப்பகத்துக் குழியைத் திறக்கிறோம். மண்வெட்டியும் சாந்துச் சட்டியும் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். அண்ணாச்சி கடையில் சொட்டு நீலம் இருக்கிறது.