கத்திரிக்காய்க்குப் பேரம், கடனுக்கு மௌனம்

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கிற அண்ணன்மாரே, பொங்கல் விழாவுக்கு வந்திருக்கும் சத்துவாச்சாரிப் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு எட்டு நிமிடம்தான் என்றார்கள். பத்து கேட்டேன். ஒன்பதுக்கு ஒத்துக்கொண்டார்கள். எங்கள் அணியின் வாதத்தில் பாதி இங்கேயே முடிந்துவிட்டது, நடுவர் அவர்களே.

"மாதச் செலவைக் குறைக்கக் கைகொடுப்பது சிக்கனமா, பேசிக் குறைக்கும் சாமர்த்தியமா?" என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அண்ணன், சிக்கனம்தான் என்று அடித்துச் சொன்னார். ஹோட்டலுக்குப் போகாதே என்றார், இரண்டாவது காபியை நிறுத்து என்றார். அதோடு விட்டாரா? மே மாதத்தில் ஃபேனை ஒன்றில் வைத்துக்கொள் என்றார். அண்ணே, நீங்கள் எந்த ஊரில் குடியிருக்கிறீர்கள்? இது வேலூர். வெளியூர்க்காரன் வெயிலூர் என்று பெயர் வைத்துவிட்டுப் போன ஊர். அக்னி நட்சத்திரத்தில் ஃபேனை ஒன்றில் வைத்தால் அது சிக்கனம் இல்லை, தண்டனை.

சிக்கனத்தில் எனக்குப் பகை கிடையாது. ஆனால் சிக்கனத்தில் விட்டுக்கொடுப்பது யார் என்று பாருங்கள். பிள்ளை ஐஸ்கிரீமை விடுகிறது, மாமியார் காபியை விடுகிறார், நான் புடவையை விடுகிறேன். பில் அனுப்புகிறவன் எதை விடுகிறான்? ஒன்றும் இல்லை. ஒரு மாதம் டிவியைத் துணி போட்டு மூடி வைத்தாலும் கேபிள் கட்டணம் வரும். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனாலும் இணையக் கட்டணம் வரும், வீட்டுக் கடன் தவணை வரும். குறைத்து உபயோகித்தாலும் குறையாத பில்கள் இவை. பேசினால்தான் குறையும்.

பேசுவதற்கு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். துண்டுக்கு அடியில் இரண்டு கை. விரலைப் பிடிக்கிறார்கள், விடுகிறார்கள், மறுபடி பிடிக்கிறார்கள். வாயே திறக்காமல் ஆயிரக்கணக்கில் விலை ஏறி இறங்குகிறது. எங்கள் தாத்தா அங்கே மாடு வாங்கியவர். அவர் சொல்வது இரண்டே விஷயம். ஒன்று, பல்லைப் பார்க்காமல் விலை பேசாதே. இரண்டு, கயிற்றை விட்டுவிட்டு நடக்கத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமல் பத்தடி நடந்தால் பின்னாலேயே குரல் வரும்.

முதலில் பல்லைப் பார்ப்போம். பல் என்றால் பில். எங்கள் வீட்டுக் கேபிள் பில்லை ஒருநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். வருடக்கணக்காகப் பணம் மட்டும் கட்டியிருக்கிறோம், படித்ததே இல்லை. எந்தக் கட்டணச் சேனல் வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் காசு கொடுக்கும் உரிமை 2019 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. எங்கள் பில்லில் என்ன இருக்கிறது? ஒருவரும் பார்க்காத விளையாட்டுச் சேனல்கள், சின்னக் குழந்தைகள் இல்லாத வீட்டுக்குக் கார்ட்டூன் தொகுப்பு. பெரியவன் கல்லூரிக்கே போய்விட்டான், கார்ட்டூன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது! கேபிள் தம்பியைக் கூப்பிட்டேன். "அதெல்லாம் பேக்கேஜ்ல வருதுக்கா, எடுக்க முடியாது" என்றான். "எடுக்க முடியும் தம்பி, நான் படிச்சிட்டேன்" என்றேன். மூன்றாவது நாள் எடுத்துவிட்டான். மாமியாரின் தெலுங்குச் சீரியலில் மட்டும் கை வைக்கவில்லை. வடஆர்க்காட்டில் அதில் கை வைத்தால் குடும்பம் பிரிந்துவிடும்.

அடுத்து, கயிற்றை விடுவது. வீட்டு இணையத்துக்கு மாதம் 799 கட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்துத் தெருவில் அதே கம்பெனி, அதே வேகம், புதிதாகச் சேருகிறவருக்கு 599 என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதாவது நேற்று வந்தவனுக்குத் தள்ளுபடி, ஐந்து வருடம் தவறாமல் கட்டிய எனக்கு முழு விலை. போன் போட்டேன். கோபப்படவில்லை. போனை எடுக்கிற பெண் என்ன செய்வாள் பாவம், அவளும் நம்மைப் போல மாதச் சம்பளக்காரி. "இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் அம்மா, வேறு இடத்தில் குறைவாகத் தருகிறார்கள், எப்படி நிறுத்துவது என்று மட்டும் சொல்லுங்கள்" என்றேன். ஒரு நிமிடம் பாட்டு போட்டார்கள். அப்புறம் ஓர் ஆண் குரல் வந்தது. "மேடம், உங்களுக்காக ஸ்பெஷலா..." என்று ஆரம்பித்தது. எனக்குப் பொய்கைச் சந்தைதான் ஞாபகம் வந்தது. மாதம் 200, வருடத்துக்கு 2,400 ரூபாய் மிச்சம். எதிரணி அண்ணன் காபியை நிறுத்தி இதைச் சேர்க்க எத்தனை நாள் தலைவலியோடு உட்கார்ந்திருக்க வேண்டும்?

செல்போனும் அப்படித்தான். எண் மாறிவிடுமே என்று ஒரே கம்பெனியில் கிடந்த காலம் ஒன்று இருந்தது. எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதும் வந்துவிட்டது. கயிறு அறுந்து இத்தனை வருடமாகியும் கட்டுத்தறியிலேயே நிற்கிறோம், அவ்வளவுதான்.

கரண்ட் பில்லில் பேரம் பேசுவாயா என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. முடியாது. அங்கே சிக்கனம்தான் ராஜா, அந்த மதிப்பெண்ணை அவரே எடுத்துக்கொள்ளட்டும். இன்னும் ஒரு கணக்கை நானே எடுத்துக் கொடுக்கிறேன். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கே விலை மாறிவிடும். 2022 செப்டம்பரில் அறிவித்த கட்டணப்படி, தாண்டாதவருக்கு அந்த நூறில் யூனிட்டுக்கு 2.25 ரூபாய், தாண்டியவருக்கு 4.50. ஒரு யூனிட் கூடிப்போனதற்கு 225 ரூபாய் அபராதம் மாதிரி. அதற்கப்புறம் விலை மாறியிருக்கிறது.

ஆனால் வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் கை தூக்குங்கள். எத்தனை பேர் வீட்டுக்காரருக்கு யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று கட்டுகிறீர்கள்? அரசு கொடுக்கிற இலவச யூனிட் உங்கள் கண்ணில் படவே இல்லையே! தனி மீட்டர் இருந்தால் பில்லில் வருகிற தொகையையே கட்டுகிறேன் என்று கேட்கலாம். அட்வான்சும் அப்படித்தான். 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது. நாம் பத்து மாதத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு, நல்ல மனுஷன் என்று வேறு சொல்லிவிட்டு வருகிறோம்.

பேரம் பேசுவது கௌரவக் குறைச்சல் என்று இன்னோர் அண்ணன் சொன்னார். காந்தி ரோட்டுப் பக்கம் வந்து பாருங்கள் அண்ணே. சி.எம்.சி. மருத்துவமனையில் வைத்தியம் பார்க்க வங்காளத்திலிருந்து வருகிற குடும்பம், ஒரு மாதம் தங்கணும், நாள் கணக்கு வேண்டாம், மாதக் கணக்குப் போடுங்கள் என்று லாட்ஜில் நின்று கேட்கிறது. தெரியாத ஊர், தெரியாத பாஷை, படுக்கையில் நோயாளி. அவர்கள் கேட்கிறார்கள், லாட்ஜ்காரரும் கொடுக்கிறார். சொந்த ஊரில், சொந்தத் தமிழில் கேட்க நமக்கு என்ன வெட்கம்?

கடைசியாக ஒரு விஷயம். இதைச் சொல்லத்தான் நான் அந்த ஒன்பதாவது நிமிடத்தைக் கேட்டு வாங்கினேன்.

எங்கள் வீட்டுக் கடன் பழைய கடன். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் வீட்டுக் கடன்களில், வட்டி மாறுகிற வகையை ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டியான ரெப்போ மாதிரி, வங்கிக்கு வெளியே இருக்கிற ஓர் அளவோடு கட்டிவிட்டார்கள். அது இறங்கினால் இதுவும் இறங்கும். 2025-ல் மட்டும் ரெப்போ 6.50 சதவீதத்திலிருந்து 5.25-க்கு வந்தது. எங்கள் கடன் பழைய முறையில் இருந்ததால் சொகுசாக மேலேயே உட்கார்ந்திருந்தது. புது முறைக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, ஒரு கட்டணம் உண்டு, கேட்டால் மாற்றுவார்கள். கேட்கவில்லை என்றால்? யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள். கணக்குக்குச் சொல்கிறேன்: 20 லட்சம் கடன், 20 வருடம். ஒன்பதரை சதவீத வட்டி என்றால் தவணை 18,643 ரூபாய். எட்டரை என்றால் 17,356. மாதம் 1,287 ரூபாய் வித்தியாசம். என் கணவர் ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துத்தான் அப்படி ஒரு தொகையைக் கொண்டுவருவார். வங்கியில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கையெழுத்துப் போட எங்களுக்கு ஆனது ஒரு மதியம்.

விண்ணப்பம் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும் வழியில், தெருமுனையில் எப்போதும் உட்கார்ந்திருக்கிற அம்மாவிடம் முள்ளுக் கத்திரிக்காய் வாங்கினேன். கால் கிலோ இருபது என்றார். வழக்கம்போல "பதினஞ்சுக்குக் கொடும்மா" என்று வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. ஏழு வருடமாக வங்கிக்கு ஆயிரக்கணக்கில் வாயைத் திறக்காமல் கொட்டிவிட்டு, வெயிலில் உட்கார்ந்திருக்கிற இந்த அம்மாவிடம் ஐந்து ரூபாய்க்கு நின்றிருக்கிறேன், தினமும்! இருபதைக் கொடுத்தேன்.

அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னாம்மா, இன்னிக்குப் பேசவே மாட்டேன்ற? ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு, நான் கேட்காமலேயே இரண்டு காயை எடுத்துப் பையில் போட்டார்.

நன்றி, வணக்கம்.