34 பேர் கிளாஸ், 14 பேர் கிளாஸ்

வணக்கம் நேயர்களே. நிகழ்ச்சிக்கு கூப்பிட்டப்போ தலைப்பு என்னன்னு கேட்டேன். நியூயார்க்ல எக்ஸாம் எழுதி சேர்ற கவர்மென்ட் ஹைஸ்கூல் ஒசத்தியா, காசு கட்டி சேர்ற பிரைவேட் ஹைஸ்கூல் ஒசத்தியா, எதுல படிப்பு கஷ்டம், யாருக்கு சலுகை ஜாஸ்தி, அதைப் பத்தி பேசுங்கன்னாங்க. நான் கல்வி நிபுணர் எல்லாம் இல்லைங்க. நியூயார்க்ல குயின்ஸ்ங்கற பகுதியில 15 வருஷமா சாயங்காலம் வீட்டு டைனிங் டேபிள்ல உக்காந்து பசங்களுக்கு மேத்ஸ் சொல்லிக்குடுக்கிறவ, அவ்ளோதான். ஆனா அந்த டேபிளுக்கு ரெண்டு வகை ஸ்கூல் பசங்களும் வர்றாங்க, அதனால கொஞ்சம் தெரியும்.

மொதல்ல ஒரு குழப்பத்தை தீத்துடறேன். நம்ம ஊர்ல பேருக்குப் பின்னாடி பப்ளிக் ஸ்கூல்னு போட்டிருந்தா அது பெரும்பாலும் ஃபீஸ் கட்டற பிரைவேட் ஸ்கூல். இங்க பப்ளிக்னா நிஜமாவே கவர்மென்ட், ஃபீஸ் கிடையாது, 2017-லேருந்து மத்தியான சாப்பாடும் எல்லாருக்கும் ஃப்ரீ. அதுக்குள்ளயே, நல்லா படிக்கிற பசங்களை ஊர் முழுக்கலேருந்து இழுத்து ஒரே எடத்துல சேக்கிற ஸ்கூல் சிலது இருக்கு, மேக்னெட் ஸ்கூல்னு சொல்வாங்க, நியூயார்க்ல அதுக்கு ஸ்பெஷலைஸ்ட் ஹைஸ்கூல்னு பேர். 1904-ல ஆரம்பிச்ச ஸ்டைவசன்ட், 1922-ல ப்ரூக்ளின் டெக், 1938-ல ப்ராங்க்ஸ் சயின்ஸ், அப்புறம் வந்த இன்னும் அஞ்சு, மொத்தம் எட்டு ஸ்கூலுக்கு ஒரே ஒரு பரிட்சைதான் வாசல். எட்டாங்கிளாஸ்ல எழுதணும். மார்க் ஷீட்டு, இன்டர்வியூ, சிபாரிசு எதுவும் கிடையாது. இந்த எட்டுல மொதல்ல சொன்ன மூணுக்கும் பரிட்சை மட்டும்தான்னு 1971-லயே ஸ்டேட் சட்டம் போட்டு வச்சிருக்காங்க, அதனால மேயர் நெனச்சாலும் மாத்த முடியாது.

அந்தப் பக்கம் ட்ரினிட்டி, டால்டன், ஹொரஸ் மான் மாதிரி ஸ்கூலுங்க. ட்ரினிட்டி 1709-ல ஆரம்பிச்சது, அமெரிக்கான்னு ஒரு நாடு பொறக்கறதுக்கு முன்னாடியே. இப்ப இந்த மாதிரி ஸ்கூல்ல வருஷ ஃபீஸ் 60,000 டாலரைத் தாண்டிடுச்சு. நாலு வருஷத்துக்கு கூட்டிப் பாருங்க, இல்ல வேணாம், ராத்திரி தூக்கம் வராது.

சரி, படிப்பு எங்க கஷ்டம்? நேர்மையா சொன்னா சிலபஸ்ல பெரிய வித்தியாசம் கிடையாது. ஒரே வாரத்துல ரெண்டு பசங்க என் டேபிள்ல, ஒருத்தன் எக்ஸாம் ஸ்கூல், இன்னொரு பொண்ணு பிரைவேட், ரெண்டு பேரும் கால்குலஸ், ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி கணக்கு. வேகத்துல அவன்தான் முன்னாடி. சுத்தி உக்காந்திருக்கிற எல்லாரும் அதே வேகம், பின்ன எப்படி மெதுவா போவான்? ப்ராங்க்ஸ் சயின்ஸ்ல 1950-ல ஒண்ணா படிச்சு முடிச்ச ஸ்டீவன் வைன்பெர்க்கும் ஷெல்டன் கிளாஷோவும் 1979-ல பிசிக்ஸ் நோபலை ஒண்ணா பகிர்ந்துக்கிட்டாங்க, கூட அப்துஸ் சலாம். அந்த ஒரு ஸ்கூல்ல படிச்சவங்க மட்டும் ஒம்பது பேர் நோபல் வாங்கியிருக்காங்க, பல நாட்டுக்கே அவ்ளோ கிடையாது. நம்ம அப்பாக்கள் இதை எங்க போனாலும் சொல்வாங்க, கல்யாண வீட்ல கூட.

ஆனா ஒருநாள் அந்தப் பையன் பையிலேருந்து இங்கிலீஷ் எஸ்ஸே ஒண்ணு கீழ விழுந்துச்சு. எடுத்துப் பாத்தேன். மேல 92-ன்னு போட்டு, பக்கத்துல 'குட்'. அவ்ளோதான். அதே வாரம் அந்தப் பொண்ணோட எஸ்ஸேயும் பாத்தேன், ஓரம் பூரா ஊதா பேனா, 'இந்த வரி எங்கேருந்து வந்துச்சு', 'இதுக்கு என்ன ஆதாரம்', 'இந்தப் பாராவை தூக்கிட்டா என்ன ஆகும்'னு கேள்வி கேள்வியா எழுதியிருக்கு, அடியில 'வியாழக்கிழமை லஞ்ச்ல வா, பேசலாம்'. அது மூணாவது ட்ராஃப்டாம். இவ சலிச்சுக்கிறா, எங்க டீச்சர் விடவே மாட்டேங்கறாங்க ஆன்ட்டின்னு.

மொதல்ல அந்த 92 போட்ட டீச்சர் மேல எனக்கு கோவம்தான் வந்துச்சு. அப்புறம் மேத்ஸ்காரி புத்தி, கணக்கு போட்டேன். நியூயார்க் கவர்மென்ட் ஹைஸ்கூல்ல ஒரு கிளாஸுக்கு 34 பேர் வரைக்கும் போடலாம்னு டீச்சர்ஸ் யூனியன் ஒப்பந்தத்துல இருக்கு. ஒரு டீச்சருக்கு அஞ்சு கிளாஸ். அஞ்சு 34 நூத்தி எழுபது. ஒரு எஸ்ஸேக்கு பத்து நிமிஷம் வச்சாக்கூட 1,700 நிமிஷம், அதாவது 28 மணி நேரம், அதுவும் ஒரே ஒரு எஸ்ஸேயை ஒரே ஒரு தடவை படிக்க. அந்தம்மாவுக்கும் வீடு வாசல் இருக்கும்ல? அந்தப் பொண்ணு கிளாஸ்ல 14 பேர். கிளாஸ் நாலுன்னு வச்சாலும் அறுபது பேர் வராது. ஃபீஸ் எதுக்குன்னு கேக்கறீங்களே, நீச்சல் குளத்துக்கும் நாடக மேடைக்கும் இல்லைங்க, மொதல் கணக்கு இதுக்குத்தான். உங்க புள்ள எழுதினதை ஒரு பெரிய மனுஷி உக்காந்து மூணு தடவை படிக்கறதுக்கு.

இதை சட்டம் போட்டு சரி பண்ணப் பாக்கறாங்க, 2022-ல ஸ்டேட்ல ஒரு சட்டம் வந்துச்சு, ஹைஸ்கூல் கிளாஸ் 25 பேருக்கு மேல கூடாதுன்னு, படிப்படியா. நல்லதுதான். ஆனா கட்டடம் அதே கட்டடம், அப்ப சீட்டு கொறையுமேன்னு எங்க ஏரியா அம்மாக்களுக்கு இப்பவே வயித்தைக் கலக்குது.

இன்னொரு வேடிக்கை ஏ.பி. கோர்ஸ். ஹைஸ்கூல்லயே காலேஜ் லெவல் பாடம், மே மாசம் பொதுப் பரிட்சை. நம்ம பசங்க எட்டு, பத்துன்னு எடுத்துத் தள்ளுவாங்க. 2018-ல வாஷிங்டன் பக்கத்துல எட்டு பெரிய பிரைவேட் ஸ்கூலுங்க, சிட்வெல் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அதுல உண்டு, ஒண்ணா சேந்து நாங்க ஏ.பி. கோர்ஸை எடுத்துடப்போறோம், எங்க பாடத்தை நாங்களே அமைச்சுக்கறோம்னு அறிவிச்சாங்க. கேட்டதும் என்ன தைரியம்னு தோணுச்சு. யோசிச்சா தைரியம் ஒண்ணும் இல்ல. ஸ்கூல் பேரை சொன்னாலே காலேஜ்காரங்களுக்கு தெரியும், தனியா பரிட்சை எழுதி என்னை நம்புங்கன்னு நிரூபிக்க வேண்டிய அவசியம் அவங்க புள்ளைக்கு இல்ல. அது நம்மளுக்குத்தான். மார்க்கு நம்ம கையில இருக்கிற ஒரே துருப்புச் சீட்டுங்க.

அந்த மார்க்கும் எல்லாருக்கும் ஒரே விலைக்கு போகல. 2023-ல ராஜ் செட்டியும் இன்னும் ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்களும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஹார்வர்ட், யேல் எல்லாம் இருக்கிற ஐவி லீக் மாதிரி பெரிய காலேஜ்ல, காலேஜ் சேர எழுதற எஸ்.ஏ.டி. பரிட்சை ஸ்கோர் ஒண்ணா இருந்தாக்கூட, மேல் ஒரு சதவீத பணக்கார வீட்டுப் புள்ளை போய் சேர்ற வாய்ப்பு நடுத்தர வீட்டுப் புள்ளையை விட ரெண்டு மடங்குக்கும் மேல. காரணம் மூணு சொன்னாங்க. அப்பா அம்மா அதே காலேஜ்ல படிச்சிருக்கறது, ஸ்போர்ட்ஸ்ல எடுக்கறது. மூணாவதுதான் நம்ம விஷயம், படிப்பில்லாத மத்த குணங்களுக்கு போடற மதிப்பெண், அது பிரைவேட் ஸ்கூல் பசங்களுக்கு தூக்கலா விழுது. அதுல, காலேஜ் அப்ளிகேஷனுக்கு வழிகாட்டற ஸ்கூல் கவுன்சிலரும் டீச்சரும் எழுதற சிபாரிசு லெட்டருக்கு பெரிய பங்கு. நூத்துக்கணக்கான பசங்களுக்கு ஒரே கவுன்சிலர் எப்படி எழுதுவாங்க? பையன் நல்ல பையன், கடினமா உழைப்பான், முடிஞ்சுது. சில டஜன் பசங்களை மட்டும் பாத்துக்கற கவுன்சிலருக்கு, அந்தப் பொண்ணு போன வருஷம் நாடகத்துல லைட் அணைஞ்சப்போ என்ன பண்ணான்னு கூட தெரியும்.

கஷ்டம்னா என்னன்னு நான் எப்படி பாக்கறேன்னா, புள்ள விழுந்தா என்ன நடக்குதுன்னு பாக்கணும். என்கிட்ட வந்த எக்ஸாம் ஸ்கூல் பையன் ஒருத்தன், ஒம்பதாங்கிளாஸ்ல கெமிஸ்ட்ரில மூழ்கிட்டான், நாலு மாசம் யாருக்குமே தெரியல, ரிப்போர்ட் கார்டு வந்தப்புறம்தான் வீட்லயே தெரிஞ்சுது, அவங்கம்மா நைட் ஷிஃப்ட் நர்ஸ், பையன் தினம் ஒன்றரை மணி நேரம் சப்வே ரயில்ல போய் வர்றான், யாரு எப்ப கவனிக்கறது. பிரைவேட்ல அதே மாதிரி ஒரு பொண்ணு ரெண்டு க்விஸ்ல கொறைஞ்சா, அந்த வாரமே மூணு ஈமெயில், டீன், ஒரு லேர்னிங் ஸ்பெஷலிஸ்ட், அப்புறம் சில ஆயிரம் டாலர் செலவு பண்ணி, கத்துக்கறதுல ஏதாவது சிரமம் இருக்கான்னு ஒரு டெஸ்ட் எடுத்து, அதை வச்சு பரிட்சைக்கு எக்ஸ்ட்ரா டைம். பாடம் ரெண்டு பேருக்கும் அதே பாடம்தான். ஒருத்தருக்கு கீழ வலை கட்டியிருக்கு, இன்னொருத்தருக்கு தரைதான்.

இவ்ளோ பேசிட்டு, எங்களை நாங்களே பாத்துக்காம விட்டா அது நியாயம் இல்ல. எக்ஸாம் ஸ்கூல்ல சலுகையே இல்ல, முழுக்க திறமைதான்னு நான் ரொம்ப வருஷம் நம்பினேன். 2019-ல ஸ்டைவசன்ட்ல 895 பேருக்கு இடம் குடுத்தாங்க. அதுல கறுப்பினப் புள்ளைங்க எத்தனை பேர் தெரியுமா? ஏழு. எழுபது இல்ல, ஏழு. ஒபாமா காலத்துல அட்டர்னி ஜெனரலா இருந்த எரிக் ஹோல்டர், அவரும் கறுப்பினத்தவர், அந்த ஸ்கூல்ல படிச்சவர்தான், குயின்ஸ்காரர். 2018-ல, அப்ப மேயரா இருந்த டி பிளாசியோ, ஸ்டேட் சட்டத்தை மாத்தி பரிட்சையை எடுத்துட்டு ஒவ்வொரு மிடில் ஸ்கூல்லேருந்தும் மேல 7 சதவீதம் பேரை எடுக்கலாம்னு சொன்னார், ஆசிய அப்பா அம்மாக்கள் தெருவுக்கு வந்துட்டாங்க. நானும் ஒருநாள் போர்டு புடிச்சுக்கிட்டு நின்னேன். மறைக்க என்ன இருக்கு. அவர் மகனே ப்ரூக்ளின் டெக்ல படிச்சவன்தான், அந்தக் கோவம் வேற.

அப்புறம் ஒருநாள் என்னோட பழைய ஃபீஸ் நோட்டை புரட்டினேன். என்கிட்ட படிச்சு ஸ்டைவசன்ட் போன பசங்க ஒவ்வொருத்தரும் எப்ப ஆரம்பிச்சாங்கன்னு பாத்தா, அஞ்சாங்கிளாஸ், ஆறாங்கிளாஸ். சம்மர் பூரா ஃப்ளஷிங்ல கோச்சிங் சென்டர், சனிக்கிழமை என்கிட்ட. இவங்க பணக்காரங்க இல்ல, அதையும் சொல்லணும், ஹோட்டல் கிச்சன்ல வேலை பாக்கிறவங்க, டாக்சி ஓட்டறவங்க, வாடகைக்கு அடுத்த செலவு ட்யூஷன்னு இருக்கிற குடும்பங்க. ஆனா அவங்ககிட்ட காசை விட பெரிசா ஒண்ணு இருந்துச்சு, இப்படி ஒரு பரிட்சை இருக்கு, இப்பவே ஆரம்பிக்கணும்னு கோவில்லயோ கடையிலயோ சொல்ல ஒரு ஆள். அந்த ஆள் இல்லாத ஏரியாவுல, நல்லா படிக்கிற புள்ள கூட எட்டாங்கிளாஸ் வந்தப்புறம்தான் கேள்விப்படுது, அதுக்குள்ள நம்ம புள்ள மூணு வருஷம் ஓடி முடிச்சிருக்கும். இதுவும் சலுகைதான், சொல்ல எனக்கே வாய் கூசுது.

பிரைவேட் பக்கமும் எல்லாரும் பென்ட்ஹவுஸ் புள்ளைங்கன்னு நெனச்சுடாதீங்க. 1978-லேருந்து ப்ரெப் ஃபார் ப்ரெப்னு ஒரு அமைப்பு, கவர்மென்ட் ஸ்கூல்ல நல்லா படிக்கிற கறுப்பின, லத்தீன், ஆசியப் புள்ளைங்களை தேடிப் புடிச்சு, 14 மாசம் கசக்கிப் பிழிஞ்சு தயார் பண்ணி பிரைவேட்ல ஸ்காலர்ஷிப்போட சேத்து விடுது. ப்ராங்க்ஸ்ல பொறந்த கெட்டிக்காரப் புள்ள சிலசமயம் ட்ரினிட்டில உக்காந்திருக்கும்.

இன்னொண்ணு. சீட்டு கெடைக்கலன்னு என் வீட்டு சோபாவுல உக்காந்து அழுத ஒரு அப்பாகிட்ட நான் இதைத்தான் சொன்னேன். 2014-ல எக்கனாமெட்ரிகாங்கற பொருளாதார ஆராய்ச்சிப் பத்திரிகையில ஒரு ஆய்வு வந்துச்சு, பாஸ்டன், நியூயார்க் எக்ஸாம் ஸ்கூலுங்களை வச்சு. கட் ஆஃப்க்கு ஒரு மார்க் மேல வந்து உள்ள போன புள்ளையையும், ஒரு மார்க் கீழ வந்து வெளிய நின்ன புள்ளையையும் பின்னாடி ஒப்பிட்டா, டெஸ்ட் ஸ்கோர்ல பெரிசா வித்தியாசமே இல்ல. அவர் நம்பல. என்னைப் பாத்து, அப்ப உங்களுக்கு எதுக்கு ஃபீஸ் குடுத்தேன்னு கேட்டார். நியாயமான கேள்வி.

அதனால இப்பல்லாம் ஸ்கூலை சுத்திப் பாக்க ஓப்பன் ஹவுஸ் போறேன், எதைப் பாக்கணும்னு யாராவது கேட்டா, நோபல் போட்டோ மாட்டின சுவரை எல்லாம் விடுங்க, ஒரு இங்கிலீஷ் டீச்சர் மேஜைக்கு எத்தனை பேப்பர் வருது, ஒரு கவுன்சிலர் கைல எத்தனை புள்ளைங்க, இதைக் கேளுங்கங்கறேன். பதில் சொல்றவங்க மூஞ்சியைப் பாத்தாலே பாதி தெரிஞ்சுடும்.

அந்த 92 பையன் இப்ப பதினொண்ணாங்கிளாஸ். மேத்ஸ் முடிஞ்சதும் எஸ்ஸேயையும் எடுத்து வைக்க ஆரம்பிச்சுட்டான். எனக்கு இங்கிலீஷ் கிராமர் அவ்ளோ ஒண்ணும் சுத்தம் கிடையாது, இருந்தாலும் கடைக்கு போய் ஊதா பேனா ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். ஓரத்துல ஒரே கேள்விதான் எழுதறேன், இங்க என்ன சொல்ல வர்றன்னு. போன வாரம் நாலாவது தடவை திருத்திக் கொண்டு வந்தான், ஆன்ட்டி நீங்க விடவே மாட்டேங்கறீங்கன்னு சலிச்சுக்கிட்டே.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்றாங்க, நேரம் ஆயிடுச்சு போல. நன்றிங்க, வணக்கம்.