அப்பா மாறினாரா, அதை யார் சொல்வது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஜலதோஷத்துக்கு மருந்து சாப்பிட்டால் ஏழு நாளில் போகும், சாப்பிடாவிட்டால் ஒரு வாரத்தில் போகும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். சமூகப்பணி மாணவர்களுக்கு மதிப்பீடு என்ற பாடத்தை நடத்தும்போது முதல் வகுப்பில் இதைத்தான் சொல்வேன். ஒரு திட்டம் நடந்தது, அதற்கப்புறம் நல்லது நடந்தது, சரி. ஆனால் அந்தத் திட்டத்தால்தான் நடந்ததா? இந்தக் கேள்வியை அலுக்காமல் கேட்ட ஓர் இடம் உண்டு. அமெரிக்காவில் ஏழை அப்பாக்களுக்காக நடத்தப்படும் திட்டங்கள்தான் அது. பல வருஷமாக அந்த அறிக்கைகளைப் படித்துவருகிறேன். நான் இந்தப் பேச்சை எடுத்தாலே வீட்டில் எல்லோருக்கும் ஏதாவது வேலை வந்துவிடும். அதனால், வானொலியில் பேச வருகிறீர்களா என்று கேட்டதும் உடனே ஒத்துக்கொண்டேன். இங்கே யாரும் எழுந்து போனாலும் எனக்குத் தெரியாது.

முதலில் கொஞ்சம் பின்னணி. ஜீவனாம்சம் என்றால் நமக்கு நீதிமன்றம், வக்கீல், வாய்தா. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு என்று பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இப்போது சட்டமும் எண்ணும் மாறிவிட்டன, விஷயம் அதேதான். அமெரிக்காவில் பிள்ளையைப் பிரிந்து வாழும் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கான பராமரிப்புத் தொகையை வசூலிக்க 1975-லிருந்து தனித் துறையே இருக்கிறது. அப்பா வேலைக்குச் சேர்ந்தால் முதலாளி அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள்.

எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைக் கவனியுங்கள். கைக்கு வரவேண்டிய சம்பளத்தில் பாதி வரை பிடிக்கலாம். வேறு குடும்பம் இல்லாமல், பழைய பாக்கியும் இருந்தால், 65 சதவீதம் வரை போகலாம். ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு வாரத்துக்கு 800 டாலர் வரவேண்டிய ஒருவருக்கு, அந்த உச்சவரம்பு வரை பிடித்தால், கையில் மிஞ்சுவது 280 டாலர். வாடகை, பஸ், சாப்பாடு எல்லாம் அதற்குள். கட்டாமல் விட்டால் ஓட்டுநர் உரிமத்தை முடக்கலாம். உரிமம் இல்லாமல் வேலைக்கு எப்படிப் போவது என்று கேட்கக்கூடாது. 1986-இல் வந்த ஒரு திருத்தத்தின்படி, ஏறிவிட்ட பாக்கியை நீதிபதியே நினைத்தாலும் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது. ஜெயிலில் இருக்கும்போதும் பல மாநிலங்களில் பாக்கி ஏறிக்கொண்டே இருந்தது, ஜெயிலுக்குப் போனது அவராக விரும்பி வேலையை விட்டதற்குச் சமம் என்று! 2016 டிசம்பரில்தான் மத்திய அரசு விதி போட்டு அந்த வாதத்தை நிறுத்தியது.

இன்னொன்றும் உண்டு. அம்மா அரசு உதவித்தொகை வாங்கினால், அப்பா கட்டும் பணத்தைப் பல மாநிலங்களில் அரசாங்கமே எடுத்துக்கொள்ளும், கொடுத்த உதவிக்கு ஈடாக. அப்பா கட்டுவார், பிள்ளைக்குப் போகாது. இதை மனதில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

இப்போது எனக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் நான் எந்தக் கூட்டத்திலும் உட்கார்ந்ததில்லை.

1990-களின் நடுவில், டேடன், மெம்ஃபிஸ், லாஸ் ஏஞ்சலிஸ் உட்பட ஏழு ஊர்களில் 'பேரன்ட்ஸ் ஃபேர் ஷேர்' என்று ஒரு திட்டம் நடந்தது. பணம் கட்டாத, வேலையில்லாத அப்பாக்களைக் கூப்பிட்டு, தங்களைப் போன்ற மற்ற அப்பாக்களோடு உட்கார்ந்து மனம்விட்டுப் பேச ஒரு குழு, வேலைக்கான பயிற்சி, அம்மாவோடு தகராறு இருந்தால் பேசித் தீர்க்க ஒரு ஆள் என எல்லாம் கொடுத்தார்கள். எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் 5,500-க்கும் மேற்பட்டவர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் திட்டத்திலும் மறு பாதியை வழக்கமான ஏற்பாட்டிலும் விட்டது. திறமைசாலிகளை இந்தப் பக்கமும் மற்றவர்களை அந்தப் பக்கமும் பொறுக்கிப் போட முடியாது என்பதுதான் குலுக்கலின் அழகு.

ஆனால் நான் சொல்லவந்தது அந்தக் குலுக்கலுக்கு முன்னால் நடந்தது. திட்டத்துக்கு ஆள் சேர்க்க, பணம் கட்டாதவர்களுக்கெல்லாம் கடிதம் போட்டார்கள்: விசாரணைக்கு வா, ஏன் கட்டவில்லை என்று சொல். வேலையில்லை என்றால் திட்டத்தில் சேர், வகுப்புக்கு வா. வகுப்பு என்றதும் சிலர் தலையைச் சொறிந்தார்கள். ஐயா, எனக்கு வேலை இருக்கிறதே! எங்கே? இன்ன இடத்தில். எவ்வளவு நாளாக? கொஞ்ச நாளாகத்தான். சரி, அப்படியானால் கட்டு.

(விசாரணையில் வார்த்தைக்கு வார்த்தை இப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். நான் சொல்லிச் சொல்லி அதற்குக் கொஞ்சம் மெருகேறிவிட்டது.)

பாருங்கள், ஒரு பாடம்கூட நடக்கவில்லை. அப்பாவின் பொறுப்பு பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வசூல் ஏறிவிட்டது! இதற்கு ஆய்வாளர்கள் வைத்த பேர், புகை போட்டு வெளியே வரவைத்தல். நம் ஊர்ப்பக்கம் எலி வளை பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். திட்டக்காரர்கள் மட்டும் கணக்குப் போட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? எங்கள் திட்டத்தால் வசூல் உயர்ந்தது. அது உண்மைதான். ஆனால் உயர்த்தியது பாடமா, பயமா? கடிதத்தின் பலனைத் தனியாக, வகுப்பின் பலனைத் தனியாகப் பிரித்துப் பார்த்ததால்தான் இது வெளியே வந்தது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: திட்டம் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று கேட்காத அறிக்கையை நம்பாதீர்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்குச் சான்றிதழ், எத்தனை டீ போனது என்று எழுதும் அறிக்கைகள் நம் பக்கமும் உண்டு, நானும் நிறையப் பார்த்துவிட்டேன்.

வகுப்பின் பலன் என்ன என்றால், மொத்தமாகப் பார்க்கும்போது இந்த அப்பாக்களின் வருமானம் ஏறவில்லை. பள்ளிப்படிப்பு முடிக்காத, வேலை அனுபவம் குறைந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடியது. நன்றாக இருப்பவர்கள் எப்படியும் வேலை தேடிக்கொள்வார்கள். ஏழு நாள், ஒரு வாரம்.

அப்புறம் 2006-இல் கையெழுத்தான சட்டம் பொறுப்பான தந்தைமைத் திட்டங்களுக்கு வருஷத்துக்கு 50 மில்லியன் டாலர் வரை ஒதுக்கியது, 2010-இல் அது 75 மில்லியன் ஆனது. இவ்வளவு பணம் போகிறதே, பார்த்துவிடலாம் என்று மினியாபொலிஸ், செயின்ட் லூயிஸ், கன்சஸ் சிட்டி வட்டாரங்களில் நான்கு திட்டங்களை மேத்தமாட்டிகா என்ற நிறுவனம் ஆராய்ந்தது. 2012 கடைசியிலிருந்து 2015 வரை 5,522 அப்பாக்கள், மறுபடி குலுக்கல். இவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் ஏதோ ஒரு குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள். செயின்ட் லூயிஸில் ஆறு வாரம், தினமும் வேலைக்குப் போவதுபோல் காலையில் வந்து சாயங்காலம் போக வேண்டும். சம்பளமில்லாமல் அப்படி வந்தவர்களை யாரும் பொறுப்பற்றவர்கள் என்று சொல்லிவிட முடியாது.

ஒரு வருஷம் கழித்துப் போனில் கூப்பிட்டுக் கேட்டார்கள். போன மாதம் பிள்ளையோடு உட்கார்ந்து புத்தகம் படித்தீர்களா, விளையாடினீர்களா, அன்பாக ஏதாவது சொன்னீர்களா என்ற மாதிரிக் கேள்விகள். திட்டத்தில் இருந்தவர்கள் பிள்ளையிடம் கொஞ்சம் கூடுதல் கனிவோடு நடந்துகொண்டார்கள். வயதுக்கேற்ற காரியங்களைக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்ந்து செய்தார்கள். ஒரு வேலையில் தொடர்ந்து நிலைத்த காலமும் கூடியது. ஆனால் மொத்தச் சம்பாத்தியம் கூடவில்லை, கட்டிய பணம் கூடவில்லை, பிள்ளையை நேரில் பார்ப்பது கூடவில்லை, அம்மாவோடு உறவு சீராகவில்லை.

தோல்வியா? அவசரப்படாதீர்கள். ஒன்று, குலுக்கலில் விழாத அப்பாக்கள் சும்மா இருக்கவில்லை, சிலர் வேறு இடங்களில் உதவி தேடிக்கொண்டார்கள். இரண்டு, கனிவாக நடந்தேன் என்று சொன்னது யார்? அப்பாவேதான். வகுப்பில் இதுதான் நல்லது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒரு வருஷம் கழித்து அதைச் செய்தாயா என்று கேட்டால், அதில் பாதி, மாணவன் வாத்தியாருக்குச் சொல்லும் பதிலாகத்தானே இருக்கும்? சம்பளத்துக்கு அரசாங்கப் பதிவு இருக்கிறது. ஆனால் அதில் கைக்காசாக வாங்கும் கூலி வராது. கனிவுக்குப் பதிவேடே கிடையாது. அம்மாவைக் கேட்கலாம், ஆனால் அங்கே பலர் பேசிக்கொள்வதே இல்லை.

இதில் எனக்கு ஒரு கோபம் உண்டு. அப்பாவை அளக்க, கட்டிய பணத்தை மட்டும் பிரதான அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். எட்டு மாநிலங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த இன்னொரு பெரிய ஆய்வில், கட்டிய தொகை கொஞ்சம் குறைந்துபோனது. ஏன் தெரியுமா? கட்டச் சொன்ன தொகையையே திட்டக்காரர்கள் அவரவர் வருமானத்துக்குத் தக்கபடி குறைக்க வைத்தார்கள்! நியாயமான காரியம் செய்தவன் மதிப்பெண் குறைந்து நிற்கிறான். அதே ஆய்வில், பராமரிப்புத் தொகையை வசூலிக்கும் துறையைப் பற்றி அப்பாக்களுக்கு இருந்த அபிப்பிராயம் நன்றாக உயர்ந்தது.

2015-இல் வந்த ஒரு கட்டுரை. மூன்று நகரங்களில் 367 ஏழை அப்பாக்களிடம் உட்கார்ந்து கேட்டது. பணமாக அல்ல, பொருளாக என்ன கொடுத்தாய்? டயபர், ஷூ, பள்ளிக்கூடத் துணி, பிறந்தநாள் பரிசு. கணக்குப் போட்டால் பிள்ளைக்கு மாதம் சராசரி 60 டாலர், அவர்கள் கொடுத்த மொத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு. அரசாங்கப் பதிவில் இதற்கு இடமில்லை. ஆனால் பிள்ளை காலில் ஷூ இருக்கிறது, வாங்கிக்கொடுத்தது யார் என்று பிள்ளைக்குத் தெரியும். சம்பளத்தில் பிடித்துக்கொண்ட பணத்துக்கு அந்த முகம் கிடையாது.

முன்னால் மனதில் வையுங்கள் என்று சொன்னேனே, அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் பணம். விஸ்கான்சின் மாநிலம் 1997-லிருந்து அதை நிறுத்திப் பார்த்தது. அப்பா கட்டுவதை முழுசாக அம்மாவிடமே கொடுத்தது. அங்கேயும் குலுக்கல்தான். மற்ற அம்மாக்களுக்கு ஒரு பகுதி மட்டும். முழுசாகப் போன இடத்தில் பணம் கட்டிய அப்பாக்களின் எண்ணிக்கை கூடியது. யாருக்கும் வகுப்பு எடுக்கவில்லை, அறிவுரை சொல்லவில்லை. பணம் போகும் வழியை மாற்றினார்கள், அவ்வளவுதான். ஆக, அப்பாவைத் திருத்தும் திட்டத்தை எடைபோடும்போது, அப்பாவைச் சுற்றியிருக்கும் விதிகளையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்பதே என் கட்சி. பாதிச் சம்பளத்தைப் பிடித்து, உரிமத்தையும் முடக்கி வைத்துவிட்டு, ஆறு வார வகுப்பு ஏன் வருமானத்தை ஏற்றவில்லை என்று கேட்பது என்ன நியாயம்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷம் என்கிறார்கள். அம்மாவைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன்.

கலிஃபோர்னியாவில் கோவன் தம்பதி, ப்ரூயெட் தம்பதி என்று நான்கு ஆய்வாளர்கள், குறைந்த வருமானக் குடும்பங்கள் 289-ஐ மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்தில் அப்பா மட்டும் 16 வாரம். இன்னொன்றில் அப்பா, அம்மா இருவரும் 16 வாரம். மூன்றாவதுக்கு மூன்று மணி நேரம், ஒரே ஒரு தடவை. முதல் இரண்டிலும் அப்பாக்கள் பிள்ளையோடு நெருங்கினார்கள். ஆனால் இருவரும் சேர்ந்து வந்த இடத்தில்தான் வளர்ப்பின் பாரம் குறைந்தது, புருஷன் பெண்டாட்டி உறவும் தேயாமல் நின்றது. இவர்களில் பெரும்பாலோர் சேர்ந்து வாழ்பவர்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். பிரிந்துபோன அப்பா அம்மாவை ஒரே அறையில் உட்காரவைப்பது பற்றி நான் எழுதி வைத்திருக்கும் இரண்டு பக்கத்துக்கு இனி நேரமில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நன்றி, வணக்கம்.