எண்ணெய்ச் சட்டி ஏறாத வீடு

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில் கோட்டாறு புனித சவேரியார் கோயில்ல கொடி ஏறியாச்சு, டிசம்பர் 3 வரைக்கும் பத்து நாள் எங்க ஊரு தூங்காது. 3ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்துக்கே லீவு, எந்த மதம்னு பார்க்காம எல்லாரும் வருவாங்க, கடைசி மூணு நாள் ராத்திரி சப்பரம் கிளம்பும், பின்னாலயே உப்பும் நல்லமிளகும் போட்டு கும்பிட்டுட்டு ஜனம் வரும். கால்ல அந்த உப்பு நறநறன்னு படுறப்போதான் எனக்கு திருவிழா வந்துருச்சுன்னே தோணும்.

திருவிழாவைப் பத்தியும் வீட்டுச் சமையலைப் பத்தியும் பேசச் சொல்லி இங்க கூப்பிட்டாங்க. எங்க வீட்ல இந்த ரெண்டும் வேற வேற கிடையாது, அதனால முந்திரிக்கொத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

வெளியூர்க்காரங்க பேரைக் கேட்டதும் முந்திரிப் பருப்பு போட்டு செய்றதுன்னு நினைச்சுக்கிறாங்க. அதுல முந்திரிப் பருப்பே கிடையாது. எங்க பக்கம் பழைய ஆளுங்க திராட்சையைக் கொடிமுந்திரின்னுதான் சொல்லுவாங்க, அந்தக் கொத்து மாதிரி மூணு உருண்டை ஒட்டிக்கிட்டு இருக்கிறதாலதான் இந்தப் பேருன்னு எங்க பாட்டி சொல்லுவாங்க. ஒரு கிலோ சிறுபயறை வாசம் வர்ற வரைக்கும் வறுத்து, தோல் உடைச்சுப் புடைச்சு, ரவை பதத்துக்குத் திரிச்சு வச்சுக்கணும். ஒரு தேங்காயைத் துருவி ஈரம் போக வறுக்கணும், கொஞ்சம் எள்ளு, ஏலக்காய், சுக்கு. முக்கால் கிலோ கருப்பட்டியைப் பாகு காய்ச்சி இது எல்லாத்தையும் அதுல கொட்டிக் கிளறி, சூடு ஆறுறதுக்கு முன்னாடியே உருட்டிடணும், கை சுடும்தான், ஆனா ஆறிப்போச்சுன்னா உருண்டை பிடிக்க வராது, உதிர்ந்துரும். அப்புறம் பச்சரிசி மாவுல மஞ்சப்பொடியும் உப்பும் போட்டுக் கெட்டியாக் கரைச்சு, மூணு மூணா ஒண்ணாச் சேர்த்து முக்கி, காயுற தேங்காய் எண்ணெய்ல கையால மெதுவா விடணும். மூணும் பிரியாம மேல மிதந்து வர்றதப் பார்க்கணுமே, சின்ன வயசுல நாங்க அடுப்பைச் சுத்தி நின்னுக்கிட்டு அதுக்காகவே காத்திருப்போம்.

பாட்டி அதைப் பார்த்து "பிதா, சுதன், பரிசுத்த ஆவி"ன்னு சொல்லி சிலுவை போட்டுக்குவாங்க. எனக்கு யோவான் நற்செய்தியில இயேசு நான் திராட்சைச் செடி நீங்க கொடிகள்னு சொல்றாரே அதுதான் ஞாபகம் வரும். செடியை விட்டுப் பிரிஞ்ச கொடி காய்ஞ்சுதான் போகும்.

எங்க வீட்ல ஒரு பழக்கம் உண்டு, முதல் ஈடு நாங்க யாரும் தொட மாட்டோம். பாட்டி அதை எடுத்து ஒரு டின்ல தனியாப் போட்டு மூடி வச்சிருவாங்க. நம்ம ஊர்ல துக்கம் நடந்த வீட்ல அந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி ஏறாது, கிறிஸ்மஸ் வந்தாலும் திருவிழா வந்தாலும் பலகாரம் சுட மாட்டாங்க, சொந்தக்காரங்களும் பக்கத்து வீட்டுக்காரங்களும்தான் கொண்டு போய்க் கொடுக்கணும். அந்த முதல் ஈடு அந்த வீடுகளுக்கு. அடுப்பை மூட்டுறதுக்கு முன்னாடியே பாட்டி கேப்பாங்க, "இந்த வருஷம் எந்தெந்த வீட்ல சட்டி ஏறலை?" இந்தக் கேள்வியில ஆரம்பிக்காத சமையலை எனக்கு திருவிழாச் சமையல்னு சொல்ல மனசு வரல.

சவேரியாரைப் பத்தியும் இதுலயேதான் சொல்லணும். 1542ல இந்தக் கடற்கரைக்கு வந்தவர், தமிழ் தெரிஞ்சவங்களை வச்சு ஜெபங்களைத் தமிழ்ல எழுதி, அதை மனப்பாடம் பண்ணி, தெருத்தெருவா மணி அடிச்சுப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தவர்னு நாம மறைக்கல்வியிலயே படிச்சிருக்கோம். ஆனா எனக்கு அவர்மேல உசிரே வந்தது 1544 ஜூன்ல மணப்பாட்டுல இருந்து தன்கூட ஊழியம் பண்ண மான்சிலாஸுக்கு அவர் எழுதின கடிதத்தைப் பத்திக் கேள்விப்பட்டப்புறம்தான். வடுகர்ங்கிற தெலுங்குப் படையோட படையெடுப்புக்குப் பயந்து கன்னியாகுமரிப் பக்கத்து மீனவ ஜனங்க கடல் பாறைகள்ல போய் ஒளிஞ்சிட்டாங்க, சோறு தண்ணி இல்லாம செத்துக்கிட்டு இருக்காங்க, அவங்களுக்கு உதவ இருபது தோணி கூட்டிட்டுப் போறேன்னு எழுதுறாரு. போக முடிஞ்சதா? முடியல. எதிர்க்காத்து. எட்டு நாள் கடல்லயே அலைக்கழிஞ்சு திரும்பிட்டாரு. அதோட விட்டாரான்னா இல்ல, அடுத்து தரை வழியா நடந்தே போனாரு. போய்ப் பார்த்து, திங்க ஒண்ணுமில்லாதவங்க, நடக்க முடியாத கிழவங்க, அந்தப் பரிதாபத்தையும் எழுதி வச்சிருக்காரு. பிரசங்கத்தை விடுங்க, எதிர்க்காத்துல இருபது தோணியைக் கட்டி இழுத்த அந்த எட்டு நாளுக்காகவே நான் அவருக்கு மெழுகுதிரி ஏத்துவேன். கடைசியில 1552 டிசம்பர் 3, சீனாவுக்குப் பக்கத்துல ஒரு தீவுல, காய்ச்சலோட, 46 வயசுல அவர் செத்த நாளைத்தான் நாம இங்க சப்பரம் தூக்கிக் கொண்டாடுறோம்.

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. திருவிழா நடந்துக்கிட்டு இருக்கிறப்போதான் ஒக்கி புயல் அடிச்சது. எங்க பக்கம் வாழை, ரப்பர், தெருவுல நின்ன போஸ்ட் கம்பம் எல்லாம் சாஞ்சு கிடந்துச்சு, நாள் கணக்கா கரண்ட் இல்ல. நான் அதுக்கு முந்தின நாள்தான் பயறு வறுத்து வச்சிருந்தேன். காலேஜ்ல என்கூடப் படிச்ச சிநேகிதி ஒருத்தி தூத்தூர்ப் பக்கம் கடற்கரை ஊர்ல இருக்கா, அவ அண்ணன் ஆழ்கடலுக்குப் போயிருந்தாரு, அங்க உள்ளவங்க போனா வாரக்கணக்குல தங்கித்தான் மீன் பிடிப்பாங்க. போன் போகல. டிசம்பர் 3 ஞாயித்துக்கிழமை, கிறிஸ்மஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தோட முதல் ஞாயிறும் அதே நாள்தான், எங்க வீட்ல சப்பரத்தைப் பத்தி யாரும் வாயே திறக்கல. வறுத்த பயறை அப்படியே கஞ்சியில போட்டு வேக வச்சு, தேங்காய்த் துவையல் அரைச்சு, ரெண்டு தூக்குச் சட்டியில ஊத்தி, பஸ் ஓட ஆரம்பிச்ச அன்னைக்கே நானும் எங்க வீட்டுக்காரரும் போனோம்.

அவ வீட்டு முத்தத்துல பொம்பளைங்க ஜெபமாலை சொல்லிக்கிட்டு இருந்தாங்க. கடலைப் பார்த்து உக்காந்திருந்த அவ அம்மா கையில நான் கஞ்சியைக் கொடுத்தேன், வாங்கினாங்க, குடிக்கல, கிண்ணத்தைக் கையிலயே பிடிச்சிருந்தாங்க. ஆறுதல் சொல்ல எனக்கு ஒரு வார்த்தையும் வரல. "அம்மா, சூடா இருக்கும்போதே ஒரு வாய்"ன்னு மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு ரெண்டு வாய் குடிச்சாங்க.

அண்ணன் வரவே இல்ல.

திரும்பி வர்ற வழியெல்லாம் எனக்கு யோவான் நற்செய்தியோட கடைசி அதிகாரம்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ராத்திரி பூரா வலை போட்டு ஒண்ணும் கிடைக்காம, விடியுறப்போ ஆண்டவர் சொன்ன பக்கம் வலை வீசி மீனோட வர்ற சீடர்களுக்குக் கரையில கரி அடுப்பு மூட்டி, மீனும் அப்பமும் வச்சுக்கிட்டு ஆண்டவர் நிக்கிறாரு. சாவை ஜெயிச்சு வந்தவரு, தன்னைத் தெரியாதுன்னு பேதுரு மூணு தடவை மறுதலிச்சதைப் பத்தி எடுத்ததும் கேக்கல, முதல்ல சாப்பிட வாங்கன்னுதான் கூப்பிடுறாரு, பேச்செல்லாம் சாப்பிட்டப்புறம்தான். கடல்ல இருந்து கரைக்கு வர்றவங்களுக்கு ஆண்டவரே சமைச்சாருன்னு நான் அதுக்கு முன்னாடி எத்தனையோ பூசையில கேட்டிருக்கேன், அன்னைக்குத்தான் அது என் காதுல விழுந்துச்சு. அவ அண்ணனுக்கும் எங்கயோ ஒரு கரையில அந்த அடுப்பு எரிஞ்சிருக்கும்னு நான் நம்புறேன், மனசார நம்புறேன்.

அந்த கிறிஸ்மஸுக்கு முதல் ஈடு முந்திரிக்கொத்து டின்னோட அவ வீட்டுக்குத்தான் போச்சு. டின் திரும்பி வரல, நானும் கேக்கல, வெறும் பாத்திரமாத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம்ம பக்கம் இல்லையே, அவ வீட்ல அப்போ போட்டுக் கொடுக்க என்ன இருந்திருக்கும்.

அடுத்த வருஷம், 2018 டிசம்பர்ல, திருவிழா முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும், அவளே பஸ் ஏறி வந்தா. கட்டைப்பையில எங்க டின். திறந்தா அடியில பேப்பர் விரிச்சு, மேல வரைக்கும் அச்சு முறுக்கு. "அம்மா சுட்டாங்கடி, நேத்துதான் சட்டி வச்சோம், முதல் ஈடு உனக்குன்னு எடுத்து வச்சுட்டாங்க"ன்னா.