பழைய விமான இன்ஜின் வாங்கும்போது முதலில் துருவைத் தேடுங்கள்

[காட்சி: மலேசியாவின் சுங்கை சிப்புட். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. மரச்சட்டத்தின் மேல் நான்கு சிலிண்டர் இன்ஜின்.]

வணக்கம். நேற்று ராத்திரி முழுக்க மழை. காலையில் கொட்டகையைத் திறந்தால் ஸ்பேனர் மேலேயே ஈரம் பூத்திருக்கிறது. பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த ஊரில் இரும்புச் சாமான் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. சொந்தமாகக் கட்டும் சிறு விமானத்துக்குப் பழைய இன்ஜின் தேடுபவர்கள் முதலில் யோசிக்க வேண்டியதும் இந்த ஈரத்தைத்தான்.

நான் பேசப்போவது இரண்டு பேர் உட்காரும், 100 குதிரைத்திறன் கேட்கும் விமானத்தைப் பற்றி. பீட்டில் கார் இன்ஜினைப் போடலாமே என்பார்கள். ஒருவர் மட்டும் பறக்கும் இலகுவான விமானத்துக்கு அது நல்ல இன்ஜின்தான். இரண்டு பேரைத் தூக்க எனக்கு அது போதாது.

மிச்சம் இரண்டு. ஒன்று கான்டினென்டல் ஓ-200, 100 குதிரைத்திறன். செஸ்னா 150 விமானத்தில் 1958 முதல் 1977 வரை இதுதான் ஓடியது. அந்த விமானம் 20,000க்கும் மேல் கட்டப்பட்டதால் உதிரிப் பாகம் இன்றும் கிடைக்கிறது. இன்னொன்று லைக்கமிங் ஓ-320, 150 அல்லது 160 குதிரைத்திறன். பலம் அதிகம், ஆனால் எடையும் 20 கிலோவுக்கு மேல் கூடும். அந்த எடை மூக்கில் போய் உட்காரும்.

நான் ஓ-200 பக்கம்தான். காரணம் எடை மட்டுமல்ல.

[காட்சி: வெள்ளைத் தாளில் இன்ஜினின் குறுக்குவெட்டுப் படம்.]

இங்கே பாருங்கள். லைக்கமிங்கில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட், புரொப்பெல்லரைச் சுற்றும் தண்டான கிராங்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. இன்ஜினை நிறுத்தினால் ஆயில் மெல்ல மெல்லக் கீழே வடிந்துவிடும். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் கேம் காய்ந்து, நம் ஊர்க் காற்றில் துரு புள்ளி வைக்கும். அப்புறம் ஓட்டும்போது அந்தப் புள்ளியே, கேம் தள்ளுகிற டேப்பட்டின் முகத்தை அரம் மாதிரி ராவிவிடும். கேமை மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினையே இரண்டாகப் பிளக்க வேண்டும். மலிவாக வாங்கியதெல்லாம் அங்கே போய்விடும். கான்டினென்டலில் கேம் கிராங்கிற்குக் கீழே இருக்கிறது. அதற்கும் துரு வரும், ஆனால் இவ்வளவு சீக்கிரம் வராது.

அதனால் இன்ஜின் ஓடிய கணக்கை எழுதிவைக்கும் லாக்புக்கை வாங்கியதும் மொத்த மணியை மட்டும் பார்க்காதீர்கள். ஓ-200க்கு ஓவர்ஹால், அதாவது முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலைக்கான இடைவெளி 1,800 மணி, அல்லது 12 வருஷம். விற்பவர் "600 மணிதான் ஓடியிருக்கு" என்பார். அது 25 வருஷத்தில் ஓடிய 600 மணி என்றால், மாதத்துக்கு இரண்டே மணி. அந்த இன்ஜினை நான் நம்பமாட்டேன். புரொப்பெல்லர் எப்போதாவது தரையில் இடித்ததா என்றும் தேடுங்கள். இடித்திருந்தால் கிராங்கை அளந்து, விரிசல் சோதனை செய்த தாள் வேண்டும். தாள் இல்லையா, வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து கம்ப்ரெஷன் சோதனை. சிலிண்டருக்குள் 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றை விட்டு, எவ்வளவு தங்குகிறது என்று மீட்டரில் படிக்கிறோம். எண்ணோடு நிறுத்திவிடாமல் காதையும் கொடுங்கள். புகைக்குழாயில் 'ஸ்ஸ்' என்றால் எக்ஸாஸ்ட் வால்வு கசிகிறது. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங் கசிகிறது. வால்வு என்றால் அந்த ஒரு சிலிண்டரைக் கழற்றிச் சரிசெய்யலாம், பயப்பட வேண்டாம்.

[காட்சி: கார்புரேட்டர், அதன் மேல் சூடான காற்றுக் குழாய்.]

ஓ-200க்கு ஒரு குறை உண்டு: பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் பனி கட்டும். 30 டிகிரி வெயிலில் பனியா என்று கேட்காதீர்கள். காற்றில் ஈரம் இருந்து, பவரைக் குறைத்து இறங்கினால் கட்டும். அந்தப் பனியை உருக்கும் சூடான காற்றுப் பெட்டியும் சேர்ந்து வருகிறதா என்று விலை பேசும்போதே கேளுங்கள்.

[காட்சி: ஸ்பார்க் பிளக் இடத்தில் நீலக் குருணை நிரம்பிய கண்ணாடி பிளக்.]

சரி, வாங்கியாச்சு. விமானத்தை முடிக்க இன்னும் வருஷங்கள் ஆகும். அதுவரை பாதுகாப்பு ஆயில் ஊற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு இந்த ஈரம் உறிஞ்சும் பிளக்கை மாட்டுங்கள். வருகிறவர்கள் ஆசையாகப் புரொப்பெல்லரைக் கையால் சுற்றுவார்கள், விடாதீர்கள். கேம் மேல் ஒட்டியிருக்கும் ஆயில் அதில் துடைபட்டுப் போகும். குருணை நீலமாக இருக்கும்வரை நல்லது. இதோ, இந்த மூன்றாவது சிலிண்டரில் ஓரம் இளஞ்சிவப்பாகிவிட்டது. இதை இன்றே மாற்றுகிறேன்.